தொட்டியக்காவின் கைப்பக்குவம்

வழிகாட்டி வேலையைத் தொட்டியக்கா கேட்டு வாங்கவில்லை. காலை ஏழரை மணிக்கு முதலாளியே வந்து அதை அவள் தலையில் கட்டினார். காபித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். வேன் கிளம்பியாயிற்றாம். பதினொரு பேராம். "நீங்கதானே அக்கா எல்லாம் தெரிஞ்சவங்க," என்று அவர் ஆரம்பித்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டது. முதலாளி வாயில் அந்த வார்த்தை வந்தால் பின்னாலேயே ஒரு சுமை வருகிறது என்று அர்த்தம்.

"ஐயா, இன்னைக்கு மூணாம் தொட்டி இருக்குங்களே," என்றாள்.

"தொட்டி எங்கே ஓடிப்போகப் போகுது? போற வழியில பாத்துக்குங்க."

தொட்டி ஓடாதுதான். அதற்குள் இருப்பது ஓடும். பழத்தின் தோலை உரித்த காபிக் கொட்டையை ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப் போட்டால்தான் அதன்மேல் ஒட்டிய கொழகொழப்பு கரையும். கரைந்து முடிந்த அந்த நேரத்தில் மதகைத் திறந்து கழுவிவிட வேண்டும். முன்னால் திறந்தால் பிசுக்கு போகாது. ஒரு மணி நேரம் தாண்டினால் புளிப்பு கொட்டைக்குள் ஏறிவிடும், அப்புறம் எப்படி வறுத்தாலும் எப்படி அரைத்தாலும் போகாது. அந்த நேரத்தை ஒன்பது வருஷமாகச் சொல்லி வந்தது அவள் கை. முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. ஆற்று மணல் மாதிரி சொரசொரவென்று சத்தம் போட்டால் திற. இவ்வளவுதான் அவள் படித்த படிப்பு. இதனால்தான் தொட்டியக்கா என்ற பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பாமல் போவாள்.

மூணாம் தொட்டியில் இருந்தது சாதாரணக் காபி இல்லை. உச்சி மேட்டில் நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தது. ருசி பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போகிற சரக்கு. வாங்குகிறவருக்கு இது பிடித்துப்போனால் அந்த மேட்டின் விளைச்சல் மொத்தத்தையும் அவரே எடுத்துக்கொள்வார்.

ஆனால் தொட்டியக்காவின் வயிற்றில் கிடந்த கல் அது இல்லை. அந்தக் கல்லுக்கு மச்சான் என்று பெயர்.

முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி "மச்சான்" என்று கூப்பிட, கணக்குப்பிள்ளையும் அப்படியே கூப்பிட, தோட்டத்தில் பல் விழுந்த கிழவர்கள்கூட அவனை மச்சான் ஆக்கிக்கொண்டார்கள். தொட்டியக்கா மட்டும்தான் தம்பி என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் வந்தான். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். எங்கேயோ போய்ப் பத்து நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, சுவரில் அட்டவணை ஒட்டி, "பதினாறு மணி நேரம் அக்கா, அதான் கணக்கு," என்று செல்போனை நீட்டுவான். குளிர் கூடினால் நேரமும் கூடும், வெயில் அடித்தால் குறையும், பழம் எந்தச் சரிவில் பறித்தது என்பதைப் பொறுத்தும் மாறும் என்று அவளும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் பணிவாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் போனைப் பார்ப்பான்.

புதிதாக ஆறு தொட்டி கட்டி முடிந்துவிட்டது. அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர்தான். கையா, கடிகாரமா என்று இந்த மூணாம் தொட்டிச் சரக்கு முடிந்ததும் சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பு கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை, பழையபடி மேட்டில் ஏறிப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான். வலது முழங்கால் தேய்ந்து மூன்று வருஷமாகிறது. மேட்டைப் பார்த்தாலே அது வலிக்க ஆரம்பித்துவிடும்.

வேன் ஒன்பதுக்கு வந்தது. முதலாளி கொடுத்த தாளில் முதல் வரி ‘புன்னகையுடன் வரவேற்கவும்’ என்றிருந்தது. தொட்டியக்கா பல்லைக் காட்டினாள். வந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள்.

அவள் மனம் முழுக்கத் தொட்டியில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்கு நிரப்பியது. ராத்திரி நல்ல குளிர், அதனால் பதினொன்றரை ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். பதினொன்றுக்கு முன்னால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட வேண்டும். ஆனால் இந்தக் கூட்டத்தை நகர்த்துவது ஈரச் சாக்கை இழுப்பது மாதிரி இருந்தது. நாற்றங்காலில் ஒருவர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்து, "காபி வாசனையே வரலையே?" என்று குறைபட்டுக்கொண்டார், அவளே ஏமாற்றி வேறு செடியைக் காட்டிவிட்ட மாதிரி. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கூடையைத் தூக்குகிற மாதிரி ஒன்பது படம் எடுத்தது. ஒன்பதிலும் கூடை காலி. பழம் பறித்துப் பாருங்கள் என்றால் ஆளுக்கு ஒரு பிடி பச்சைக் காயாகப் பறித்துக்கொண்டு வந்து பெருமையாக நீட்டினார்கள். அவள் தன் ஆட்களை இதற்காகவே தோலை உரிக்கிற மாதிரித் திட்டுவாள். இன்றைக்குத் தாளில் ‘பாராட்டவும்’ என்று போட்டிருந்தது.

"ரொம்ப நல்லா பறிச்சிருக்கீங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் நோட்டுப் புத்தகம். அவருக்குக் கேள்வி ஊற்றாகச் சுரந்தது. செடிக்கு வயசு என்ன, ஒரு கிலோ பொடிக்கு எத்தனை பழம், குரங்கு தின்னுமா, தின்றால் அதற்குத் தூக்கம் வருமா. ஒவ்வொரு பதிலையும் எழுதி முடிக்கும் வரை ஒருத்தரும் நகரக் கூடாது. அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், நீலத் தொப்பி போட்டிருந்தார். நல்ல மனுஷி.

பழத்தைக் காம்பு உடையாமல் எப்படித் திருகுவது என்று தொட்டியக்கா காட்டிக்கொண்டிருந்தபோது அந்த நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா கை இது? இப்படி வெடிச்சுப் பிளந்து கிடக்கு! எரியலையா?"

"பழகிப்போச்சுங்க. தண்ணியிலேயே வேலை. பழச்சாறு வேற."

"பழகிப்போச்சா? நல்லா இருக்கே கதை." பையைத் துழாவி ஒரு குழாயை எடுத்தார். "இது மருந்து. குதிகால் வெடிப்புக்கே கேக்கும். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவ சொல்றேன், கையைக் குடு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். நேரமாகிறது என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அந்த அம்மா தன் மடியில் அவள் கையை வைத்து, விரல் விரலாக, வெடிப்பு வெடிப்பாகத் தடவ ஆரம்பித்துவிட்டார். தொட்டியக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தன்னிடம் வேலை வாங்குவதற்காக இல்லாமல் ஒருத்தர் தன் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தாள். சுகமாக இருந்தது. அந்த ஐந்து நிமிஷம் மட்டும் அவள் தொட்டியை மறந்திருந்தாள்.

பிறகு வழியிலிருந்த தண்ணீர்க் குழாயில் கையை அலம்பினாள், இடுப்புத் துணியில் துடைத்தாள், அவ்வளவுதான். எண்ணெய்க் கையோடு தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். போன மாதம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வந்த ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஆனால் இது எண்ணெய் இல்லையே, மருந்து. மருந்து தடவிய கையும் வழுக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறந்தது முதல் யாரும் அந்தக் கைக்கு எதுவும் தடவியதில்லை, எப்படித் தோன்றும்?

தொட்டிக் கொட்டகைக்கு வந்து சேரும்போது மணி பத்து ஐம்பது. மூணாம் தொட்டியின் திண்டில் மச்சான் போனோடு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷம். பதினாறு முடியுது."

"நகரு தம்பி."

கையை விட்டாள். ஒரு பிடி அள்ளித் தேய்த்தாள். வழவழவென்று ஓடியது. இன்னொரு பிடி எடுத்தாள். அதுவும் வழுக்கியது. கொஞ்சமாவது சொரசொரப்பு தொடங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தவளுக்கு ஆச்சரியம்தான். இருந்தாலும் கை பொய் சொல்லாது. குளிர் நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள்.

"ஆகலை. இன்னும் ரெண்டு மணி நேரம் போகணும்."

வந்தவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் கொடுக்கச் சொல்லித் தாளில் இருந்தது. கொடுத்தாள். எல்லாரும் ஐயே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தேய்த்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரித் தேய்த்தார்.

"ஏம்மா, எனக்குச் சொரசொரன்னுதானே இருக்கு?"

"ஐயா, உங்களது சாக்பீஸ் பிடிச்ச கை. அதுக்கு எதைத் தொட்டாலும் சொரசொரன்னுதான் இருக்கும்."

கூட்டம் சிரித்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் சொன்னதற்கு ஒரு மரியாதை கிடைத்தது. மச்சான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இல்லக்கா, சாரும் அப்படிச் சொல்றாரு, மணியும் ஆயிடுச்சு. ஒருவேளை..."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்தப் போனைப் பையில போடு தம்பி. கொட்டைக்கு மணி பாக்கத் தெரியாது. இந்தக் கை ஒன்பது வருஷமா ஒரு தொட்டியைக் கெடுத்ததில்ல. நான் வந்து சொல்றதுக்குள்ள மதகுல கை வெச்சே, அப்புறம் நான் பொல்லாதவளா இருப்பேன்."

பதினொரு பேரும் கை தட்டினார்கள். புது ஜோடி அதைப் படம் எடுத்தது. மச்சானின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தொட்டியக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தைக் காய வைக்கும் களத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். முழங்கால்கூட அப்போது வலிக்கவில்லை.

களத்தில் அரை மணி. வறுக்கும் இடத்தில் இன்னொரு அரை மணி, ஏனென்றால் தலைமையாசிரியருக்குப் புகை ஏன் மேலே போகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. சாப்பாடு வந்தபோது பன்னிரண்டரை. அவள் நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றுவிட்டு, தண்ணீரைக் குடித்ததும் ஓடிப்போய்த் தொட்டியைப் பார்க்கலாம் என்று கண்ணாடித் தம்ளரை எடுத்தாள். தம்ளர் நழுவியது. விழுந்து சுக்குநூறாகியது.

"விடுங்க, விடுங்க, கண்ணு பட்டது கழிஞ்சுது," என்றார் நர்ஸம்மா.

தொட்டியக்கா தம்ளரைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்திய தண்ணீர் அதில் தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றது. கையைச் சாய்த்தாள். ஒட்டாமல் உருண்டு ஓடியது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

வழுக்கியது கொட்டை இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு அவளுக்கு அது புரிந்தது. தொட்டி பதினொன்றுக்கே பக்குவமாகிக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு மணி நாற்பது நிமிஷம் அதிகம். மேட்டுக் காபி மொத்தமும் புளித்த கஞ்சி.

ஓடினாள். தேய்ந்த முழங்காலோடு, சரிவில், ரப்பர் பூட்ஸ் படக் படக்கென்று அடிக்க ஓடினாள். ‘அடிப் பாவி, அடிப் பாவி’ என்று வாய் விட்டே தன்னைத் திட்டிக்கொண்டாள். பின்னால் பதினொரு பேரும் சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். இதுவும் சுற்றுலாவில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

மூணாம் தொட்டி காலியாக இருந்தது.

மதகு திறந்து கிடந்தது. கீழே கழுவும் வாய்க்காலில் மச்சான் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் இரண்டு ஆட்கள். கொட்டை கழுவி முடிந்து, வலையில் பொன் நிறமாகக் குவிந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, திட்டாதீங்க. பதினொன்னேகாலுக்குத் திறந்துட்டேன். உங்களைக் கேக்க வரலாம்னுதான் நினைச்சேன். அத்தனை பேர் முன்னாடி மறுபடியும்..." மிச்சத்தை விழுங்கினான்.

அவள் ஒரு பிடி அள்ளினாள். கை இனிமேல் உதவாது என்று தெரியும். முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஆற்று மணல். அருமையான பக்குவம். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. மோந்து பார்த்தாள். துளிப் புளிப்பு இல்லை. காபி பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும் அவள் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடு அவனை நாலு அறை அறைய வேண்டும் என்றும் இருந்தது.

முதலாளி வந்துவிட்டார். வலையில் கையை விட்டு அளைந்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! அக்கா, சுத்திக் காட்டுற வேலைக்கு நடுவுலயும் சரியா பாத்துத் திறந்துட்டீங்களே!"

மச்சான் அவளைப் பார்த்தான். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது மாதிரி ஒரு பார்வை. அவள் சொல்லை மீறிவிட்டோமே என்ற பயம் அவனுக்கும் இருந்தது. ஆமாம் ஐயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதுத் தொட்டி ஆறும் அவளுடையது. முழங்கால் மேடேற வேண்டாம். சொல்லிவிட்டால்தான் என்ன என்று அவள் மனம் கெஞ்சியது. ஆனால் பக்குவத்தில் பொய் சொல்ல அவள் வாய்க்குப் பழக்கமில்லை.

"நான் திறக்கலைங்க. ஆகலைன்னு சொன்னது நான்தான். தம்பி திறந்தது. அதுதான் சரி."

முதலாளி மச்சானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆகலைன்னு சொன்னீங்களா? நீங்களா?"

"கையில மருந்து தடவியிருந்ததுங்க. அதனால வழுக்கிடுச்சு. இந்த அம்மா வெடிப்பைப் பாத்து..." சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, இது சாக்காகத்தான் கேட்கிறது என்று. வீட்டுப்பாடம் எழுதாதவன் சொல்கிற காரணம் மாதிரி. தலைமையாசிரியரின் முகத்தில் அது தெரிந்தது. நர்ஸம்மாவின் முகம் வாடிப்போயிற்று. நல்லது செய்யப் போனவரைக் காட்டிக்கொடுத்த மாதிரியும் ஆகிவிட்டது.

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அவளும் கத்தியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாருங்கக்கா, ஒரு சொட்டு மருந்துல மாறிப்போற கையை நம்பி ஆறு தொட்டியை நான் எப்படி விடுறது? போனுக்கு வெடிப்பும் கிடையாது, மருந்தும் கிடையாது. மச்சான், நாளையிலிருந்து நீ பாத்துக்க. பதினாறுன்னா பதினாறு."

ஒன்பது வருஷத்தில் எத்தனை தொட்டி பதினாறுக்கு ஆகாமல் பதினெட்டுக்கு ஆயிற்று, எத்தனை தொட்டி பதின்மூன்றுக்கே ஆயிற்று, அதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அந்தக் கைக்குள்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் கடிகாரம் சரியாகிவிட்டது, அதுவும் பதினொரு பேர் பார்க்க.

கூட்டம் வேனை நோக்கி நகர்ந்தபோது மச்சானை ஓரமாகக் கூப்பிட்டாள். மேட்டின்மேல் கறுப்பாக மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று ஈரமாக இருந்தது.

"தம்பி, இன்னைக்கு ராத்திரி நேத்தைவிடக் குளிரும். சாயங்காலம் நிரப்புறது பதினாறுல ஆகாது. பதினெட்டு ஆகும். அவசரப்பட்டுத் திறந்துடாதே."

அவன் தலையைச் சொறிந்தான். நிஜமாகவே சங்கடப்பட்டான். "மாமா பதினாறுன்னு சொல்லிட்டாரேக்கா. நான் எப்படி..."

"தெரியும், தெரியும். போ."

தாளின் கடைசி வரி ‘புன்னகையுடன் வழியனுப்பவும்’. தொட்டியக்கா வேன் கதவுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினாள். தலைமையாசிரியர் நோட்டை மூடிக்கொண்டு, முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறினார். நர்ஸம்மா கடைசியாக வந்தார். அந்த மருந்துக் குழாயை அவள் கையில் திணித்து, கையை விடாமல் இரண்டு கட்டைவிரலாலும் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தவித்தார்.

"பாரும்மா," என்றார், "ஒரே நாள்ல எவ்வளவு மிருதுவா ஆயிடுச்சு!"

வேன் போன பிறகு தொட்டியக்கா வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, மணலை அள்ளி, அந்தக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். வெடிப்பில் மறுபடியும் ரத்தம் கசிந்தது. அவள் நிறுத்தவில்லை.